துளிவண்டி வாங்குமுன்

வானம் தெளிந்த நாளில் சங்கராபுரத்து மாடியில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் எல்லாம், "மலைக்கு எப்போது போவது?" என்ற பேச்சு எழுந்துவிடும். விடியற்காலையில் கட்டுச்சாதத்துடன் புறப்பட்டு, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு, கச்சிராயபாளையத்துக்கு அப்பால் மலைப்பாதை ஏறி, பெரியார் அருவியில் நீராடி, கரியாலூர், வெள்ளிமலை வரையில் சென்று, இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுவது வழக்கம்.

இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. மலையின் அழகு முழுவதும் அந்தி மயங்கிய பிறகும் பொழுது புலரும் வேளையிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டு வேளையிலும் நாம் மலையில் இருப்பதில்லை. தங்கும் விடுதிகள் சில உண்டு. விடுமுறைக் காலத்தில் அவற்றில் இடம் கிடைப்பது அருமை. கூடாரம் அடித்துத் தங்கலாம் என்றாலோ, தரையில் படுக்க முடியாத பாட்டிமார்கள் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர்கள் சிரித்த முகத்துடன் சொல்வதை எத்தனை வருஷம்தான் கேட்டுக்கொண்டிருப்பது?

இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரமாகச் சிலர் இப்போது ஒரு சிறு டிரெய்லரைச் சிபார்சு செய்கிறார்கள். காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லக்கூடிய படுக்கையறை அது. முன்புறம் உருண்டு பின்புறம் சரிந்து, பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு நீர்த்துளி படுத்துக் கிடப்பதுபோல் இருக்கும். உள்ளே இருவர் படுக்க மெத்தை. பின்பக்கத்துக் கதவை மேலே தூக்கினால் அடுப்பு வைக்க மேடை, பாத்திரம் வைக்க அலமாரி. மேல்நாட்டார் இதற்குக் கண்ணீர்த்துளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விடுமுறைக்குப் போகிறவர்கள் கண்ணீருடன் ஏன் போகவேண்டும்? நாம் துளிவண்டி என்றே சொல்லுவோம்.

வண்டி வந்த வழி

வண்டியையே வீடாக்கிக்கொண்டு உல்லாசமாக ஊர் சுற்றும் வழக்கத்துக்கு மேல்நாட்டில் முன்னோடியாகச் சொல்லப்படுகிறவர் டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர் 1885-ஆம் வருஷத்தில் பிரிஸ்டல் நகரத்தில் 'வாண்டரர்' என்னும் குதிரை வண்டி வீட்டைச் செய்வித்தார். அதன் எடை சுமார் 2 டன். இழுக்க இரண்டு குதிரைகள். துளிவண்டி பிறந்தது அமெரிக்காவில், 1930-க்குப் பிந்திய பணமுடை நாட்களில். கைவேலை தெரிந்தவர்கள் பத்திரிகைகளில் வெளிவந்த வரைபடங்களைப் பார்த்துத் தாங்களே அதைச் செய்துகொண்டார்கள். 8 அடி நீளமும் 4 அடி அகலமுமாகக் கடையில் விற்ற ஒட்டுப்பலகையே அதற்கு அளவுகோல் ஆயிற்று. ஆகவே பெரும்பாலான துளிவண்டிகள் இன்றும் 8 அடி நீளம், 4 அல்லது 5 அடி அகலம், 4 அடி உயரம் என்ற கணக்கை ஒட்டியே இருக்கின்றன. உள்ளே உட்காரலாம், படுக்கலாம். நிமிர்ந்து நிற்க முடியாது.

நமக்கும் இது முற்றிலும் புதிய விஷயம் அல்ல. கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, ஜமக்காளம் விரித்து, பெண்டு பிள்ளைகளுடன் திருவிழாவுக்குப் போய், மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிக்குள்ளேயே உறங்கி எழுந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாமே நாம்? அந்தக் கூண்டு வண்டியும் இரண்டு சக்கரம். துளிவண்டியும் இரண்டு சக்கரம். இந்த ஒற்றுமையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். வண்டி வாங்குகிறவர் அறிய வேண்டிய முக்கியமான சாஸ்திரம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் காரைப் பாருங்கள்

துளிவண்டி வாங்க நினைப்பவர் முதலில் பார்க்கவேண்டியது துளிவண்டியை அன்று, தம்முடைய காரை. கார் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பதை உற்பத்தி செய்தவர்கள் கையேட்டில் குறிப்பது உண்டு. பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒரு கணக்கும், பிரேக் இல்லாததற்கு அதைவிடக் குறைந்த ஒரு கணக்கும் இருக்கும். கையேட்டில் அப்படி ஒன்றும் இல்லையென்றால் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறவேண்டும். "எல்லாம் இழுக்கும் சார்!" என்று விற்பவர் சொல்லும் வாக்கு மலைப்பாதையில் நமக்குத் துணை வராது.

அடுத்தபடியாக, வெறும் வண்டியின் எடையைக் கேட்டுத் திருப்தி அடைந்துவிடக்கூடாது. இலேசான துளிவண்டி 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 40 கிலோ ஏறிவிடும். 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய பாட்டரி சுமார் 30 கிலோ. சிறிய எரிவாயுச் சிலிண்டர் 5 கிலோ என்று பெயரே தவிர, இரும்போடு சேர்த்து அதற்கு இருமடங்குக்கு மேலாகும். மெத்தை, போர்வை, பாத்திரம், அரிசி, பருப்பு, பிள்ளைகளுக்கு ஒரு கூடாரம் எல்லாம் சேர்ந்தால் 150 கிலோ ஏறியிருக்கும். 400 கிலோ வண்டி 550 கிலோ ஆகிவிட்டது. காரின் வரம்போடு ஒத்துப் பார்க்கவேண்டியது இந்தப் பின் கணக்கையே. இதற்காக யந்திரம் எதுவும் வாங்கவேண்டாம். கரும்பும் நெல்லும் விளையும் இந்தப் பக்கத்தில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. சாமான்களை ஏற்றியபடியே வண்டியை ஒருமுறை எடைமேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கிக்கொண்டால் சந்தேகம் தீர்ந்தது.

முன்பாரம், பின்பாரம்

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளை நம்மில் பார்க்காதவர் கிடையாது. மாட்டு வண்டிக்குப் பாரம் ஏற்றுகிறவர் கட்டுகளைக் கண்டபடி போடுவதில்லை. அச்சுக்கு முன்னால் சிறிது கூடுதலாகவே பாரம் நிற்கும்படி பார்த்துக்கொள்வார். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானாலோ நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மாடு கால் ஊன்ற முடியாமல் தவிக்கும். ஒரு வண்டியோட்டி இவ்வளவையும் எந்தப் புத்தகமும் படிக்காமல் அறிந்திருக்கிறார்.

துளிவண்டிக்கும் இதே நியாயந்தான். அதன் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரையில் காரின் கொக்கிமேல் அழுந்தி நிற்கவேண்டும். 500 கிலோ வண்டியானால் 50 முதல் 75 கிலோ. இந்த முன்பாரம் குறைந்துவிட்டால் வேகத்தில் வண்டி இடமும் வலமுமாக வால் ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் பெருகிக் காரையே பாதையிலிருந்து தள்ளிவிடக்கூடும். முன்பாரம் மிகுந்துவிட்டால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொக்கி அச்சுக்கு 2.4 மீட்டர் முன்னால் இருக்கிறது. முன்பாரம் 55 கிலோ. சமையல் மேடை பின்னால்தானே இருக்கிறதென்று 40 லிட்டர் தண்ணீரை அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் வைத்துவிடுகிறோம். உடனே கொக்கியின்மேல் உள்ள பாரம் 20 கிலோ குறைந்து 35 ஆகிவிடும். வண்டியின் எடையோ 540 கிலோவாகக் கூடிவிட்டது. 100-க்கு 11 பங்கு இருந்தது 6½ பங்காகச் சுருங்கிவிட்டது! தண்ணீர் அதே தண்ணீர்தான். வைத்த இடம் மாறியதால் வந்த வினை. ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போது தண்ணீர்த் தொட்டியும் பாட்டரியும் எங்கே அமைந்திருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். தொட்டி அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ இருந்தால் செய்தவர் விஷயம் தெரிந்தவர் என்று அறியலாம்.

முன்பாரத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆள் ஏறி நிற்கும் எடைக்கருவியைக் கொக்கிக்கு நேர் கீழே வைத்து, காரில் பூட்டும்போது இருக்கிற உயரத்தில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துக் கொக்கியை அதன்மேல் இறக்கினால் கணக்குத் தெரிந்துவிடும்.

இறங்குவதே பரீட்சை

துளி வடிவம் காற்றை எளிதாக வெட்டிச் செல்லும் என்று விளம்பரங்கள் பெருமை பேசுகின்றன. சமவெளிச் சாலையில் அது உண்மையே. மலைப்பாதையில் கார் மெதுவாகப் போகும்போது காற்றுக்கு என்ன வேலை? அங்கே எதிரி எடைதான். ஏறும்போது அந்த எதிரி கொஞ்சம் பெட்ரோலைக் குடிப்பான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இறங்கும்போது அவன் பின்னாலிருந்து தள்ளுவான்.

எவ்வளவு தள்ளுவான்? 500 கிலோ எடை 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், அதில் வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறுமானால் 10 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். கார், அதில் உள்ள மனிதர்கள் ஆகியோரின் எடையால் வரும் வெப்பம் இதற்குப் புறம்பு. இதையெல்லாம் பிரேக் ஒன்றே வாங்கிக்கொண்டால் அது காய்ந்து பிடிப்பை இழந்துவிடும். எந்தக் கியரில் மலை ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். எஞ்சினே பாதி பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

டிரெய்லருக்கென்று தனிப் பிரேக் வேண்டுமா? ஐரோப்பாவில் 750 கிலோ வரையிலுள்ள டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம் இல்லை. ஆனால் நம் அபிப்பிராயத்தில், அடிக்கடி மலைக்குப் போகிற குடும்பம் 500 கிலோ வண்டியானாலும் பிரேக் உள்ளதையே வாங்குவது நலம். காரை வண்டி பின்னாலிருந்து நெருக்கும்போது கொக்கியின் தண்டு உள்ளே அமுங்கித் தானாகவே டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கும்படியான சாதாரண அமைப்பே போதுமானது. கொக்கி கழன்றாலும் வண்டி ஓடிவிடாதபடி பாதுகாப்புச் சங்கிலி அவசியம் இருக்கவேண்டும்.

அகலத்திலும் ஜாக்கிரதை தேவை. காரைவிட அகலமான வண்டி வேண்டாம். கண்ணாடியில் பின்னால் வருவது தெரியாது. கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரின் சக்கரம் காரின் சக்கரம் போன தடத்தில் போகாமல் உள்பக்கமாக வெட்டிச் செல்லும். ஆதலால் வளைவை விரித்து எடுக்கவேண்டும். கொல்லிமலைப் பாதையில் இப்படிப்பட்ட வளைவுகள் 70. அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று யாரும் எண்ணவேண்டாம். பின்னோக்கி ஓட்டும் வித்தையையும் முன்னமே ஒரு மைதானத்தில் நாலைந்து நாள் பழகவேண்டும். வண்டியின் பின்புறம் இடப்பக்கம் போகவேண்டுமானால் ஸ்டியரிங்கை முதலில் வலப்பக்கம் திருப்பவேண்டும். கைக்கு இது எளிதில் படியாது.

டயர் காருக்கு உள்ள அதே அளவாக இருந்தால் மாற்றுச் சக்கரம் ஒன்றே இரண்டுக்கும் உதவும். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் கடைசி நான்கு எண்களையும் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஓடாமல் நின்ற டயரும் வயதால் வெடிக்கும்.

சுண்ணக்கட்டிப் பரீட்சை

உள்ளே எத்தனை பேர் படுக்கலாம் என்ற விஷயத்தில் குடும்பஸ்தர்கள் ஏமாறுவது சகஜம். அது இருவருக்கு உரிய இடம்; சிறு குழந்தை ஒன்றை நடுவில் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் மற்றவர்களுக்குக் கூடாரம் வேண்டியதுதான். ஆகவே, படுக்கை யாருக்கு என்று வாங்குமுன்பே முடிவு செய்துவிடவேண்டும். பாட்டிக்குத்தான் என்றால் வாங்குவதில் அர்த்தம் உண்டு.

இதற்குக் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. நாங்கள் எங்கள் வீட்டு மாடியில் சுண்ணக்கட்டியால் 8 அடிக்கு 5 அடி கோடு கிழித்து, அதற்குள் மெத்தையைப் போட்டு, 4 அடி உயரத்தில் ஒரு கயிற்றையும் கட்டினோம். சமையல் மேடையின் கீழே கால் நீட்டும் இடம் தாழ்ந்திருக்கும் என்பதற்கு அடையாளமாக ஒரு பெஞ்சியையும் வைத்தோம். அம்மா இரவு முழுவதும் அதில் படுத்துப் பார்த்தார்கள். "கால் நீட்ட முடிகிறது, மூச்சும் முட்டவில்லை. ஆனால் இராத்திரி எழுந்திருக்கிறபோது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்" என்பது அவர்களுடைய தீர்ப்பு. பேத்தி உடனே அந்த உத்தியோகத்தை ஒப்புக்கொண்டாள். துளிவண்டியில் கழிப்பறை கிடையாது என்பதை அந்த ஓர் இரவில் எல்லோரும் தெரிந்துகொண்டோம். கழிப்பறை உள்ள இடத்தின் அருகிலன்றி வண்டியை நிறுத்துவதில்லை என்றும் அப்போதே தீர்மானம் ஆயிற்று.

காற்றோட்டம் உயிர் விஷயம். இருபுறமும் வலையிட்ட ஜன்னலும், கூரையில் ஒரு காற்றுத் துவாரமும் இல்லாத வண்டியை வாங்கவே கூடாது. அடுப்பு எப்போதும் வெளியே. மார்கழிக் குளிருக்குக் கணப்புச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது யமனை விருந்துக்கு அழைப்பதாகும். கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர் உறக்கத்திலேயே மாள்வார்.

மின்சாரத்துக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். 5 வாட் விளக்கு 5 மணி நேரம், 15 வாட் விசிறி 8 மணி நேரம், கைப்பேசிகளுக்குக் கொஞ்சம் என்று எல்லாம் சேர்ந்து ஓர் இரவுக்கு 175 வாட்-மணி ஆகும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பாட்டரியில் பாதியை மட்டும் செலவிட்டாலும் 600 வாட்-மணி கிடைக்கும். மூன்று இரவுக்குத் தாராளம். குளிர்பெட்டி, தொலைக்காட்சி என்று ஆசைப்பட்டால் பாட்டரியும் எடையும் ஏறிக்கொண்டே போகும்.

பழைய வண்டியை விலைக்குக் கேட்கிறவர்கள் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பார்ப்பது நல்லது. கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடிக்கிறதா? மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினால் பலகை அமுங்குகிறதா? அப்படியானால் உள்ளே நீர் இறங்கிவிட்டது. வர்ணம் எவ்வளவு பளபளத்தாலும் திரும்பிவிடுங்கள்.

சட்டமும் மரியாதையும்

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு வாகனமே. அதைத் தனியாகப் பதிவு செய்யவேண்டும்; இன்ஷூரன்ஸ் வேண்டும்; பின்விளக்கும் எண் பலகையும் வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் டிராக்டருக்கு டிரெய்லர் செய்கிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்; இதையும் அவர்கள் செய்துவிடுவார்கள். ஆனால் வண்டி உறுதியாக இருப்பது வேறு, பதிவு ஆவது வேறு. எனவே பணம் கொடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் விசாரித்து, பதிவுக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று எழுதிவாங்கி, அவற்றை விற்பவரிடம் கேளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்கவேண்டாம். ஓடும் வண்டிக்குள் எவரையும் உட்காரவைக்கக் கூடாது என்பதையும் குழந்தைகளுக்கு முன்னமே சொல்லிவைக்கவேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பது கடைசிக் கேள்வி; ஆனால் கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி அன்று. கேரள அரசாங்கம் 2021-ல் 'கேரவன் கேரளா' என்ற திட்டத்தை அறிவித்து, இப்படிப்பட்ட வண்டிகள் தங்குவதற்கான பூங்காக்களுக்கு வழி செய்தது. கல்வராயன் மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே அனுமதியின்றி நுழைந்து தங்குவது 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றம். காடு அல்லாத நிலமோ மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழும் நிலம். காலியாகத் தெரிகிற இடம் எல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைத்துக்கொண்டு சக்கரத்தை ஏற்றலாகாது. நிலத்துக்காரரைக் கண்டு, கேட்டு, உரிய வாடகையைக் கொடுத்து, நம் குப்பையை நாமே மூட்டைகட்டிக்கொண்டு இறங்கவேண்டும். ஓடைக்கரையில் மாத்திரம் நிறுத்தவேண்டாம்; மேலே மழை பெய்தால் கீழே நமக்குத் தெரியுமுன் வெள்ளம் வந்துவிடும்.

வாங்கலாமா?

வருஷத்தில் ஒருமுறை மட்டும் வெளியூர் போகிற குடும்பத்துக்கு நாம் இதைச் சிபார்சு செய்யமாட்டோம். அந்தப் பணத்துக்குப் பல வருஷங்கள் நல்ல விடுதியிலேயே தங்கிவிடலாம். வண்டியை நிறுத்த வீட்டில் நிழலான இடம் இல்லாதவர்களும் யோசிக்கவேண்டும். வெயிலும் மழையும் அதை நம்மைவிட அதிகமாக அனுபவிக்கும். மாதம் ஒருமுறையாவது புறப்படுகிறவர்கள், காரின் இழுவை வரம்பை எழுத்தில் பெற்றவர்கள், தங்க ஓர் இடத்தையும் பேசிவைத்துக்கொண்டவர்கள் தாராளமாக வாங்கலாம். நண்பர்களோ உறவினர்களோ இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துக்கொள்வது இன்னும் சிக்கனம்.

கடையில் நிற்கும்போது கண்ணைக் கவர்வது மெத்தையின் நிறமும் விளக்கின் அலங்காரமும்தான். அவற்றைப் பிறகு நாமே மாற்றிக்கொள்ளலாம். அச்சு இருக்கும் இடத்தையும் வண்டியின் எடையையும் மாற்ற முடியாது. அவை இரண்டும் சரியாக உள்ள வண்டி எளிமையாக இருந்தாலும், அதுவே பாட்டியையும் பேத்தியையும் மலைக்கு ஏற்றிச் சென்று பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கும்.